ஆற்றல் எண்ணும் பிறப்புப் பகைப்புலமும்: பாத்திரமேற்பு ஆட்ட விதிநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

நாவலாசிரியன் தன் பாத்திரத்தின் அறிவு இத்தனை, உடல்வலி இத்தனை என எண்ணிட்டு எழுதுவதில்லை. பாத்திரத்தின் சொல்லாலும் செயலாலும் வாசகனே அவற்றை உய்த்துணர வேண்டும் என்பது புனைகதையின் பொதுவழக்கு. ஆனால் முதலிலேயே எண்ணிட்டு, அவ்வெண்களைத் தாளிற் குறித்துவைத்துக்கொண்டு, பின்னரே கதையைத் தொடங்கும் ஒரு கலைவடிவம் அரை நூற்றாண்டாக உலகில் வழங்கிவருகிறது. அதனைப் 'பாத்திரமேற்பு ஆட்டம்' என்பர். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்யும் என்பதை வாயாற் சொல்லிச் செல்வர். செயல் பலிக்குமா என்ற ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டப்படும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டமாகும்.

பாத்திரமேற்றல் எமக்குப் புதிய செயலன்று. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழும்போது, நேற்றுவரை கொழுந்து மடுவத்தில் நின்ற இளைஞனே இரதியாகவும் மதனாகவும் வீரபத்திரனாகவும் வந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். எனினும் கூத்திற் பாத்திரம் ஏற்கெனவே ஆக்கப்பட்டது. நடிப்பவன் அதனுட் புகுந்துகொள்கிறான். இவ்வாட்டத்திலோ பாத்திரத்தை ஆடுவோனே ஆக்கவேண்டும், அதுவும் நூலிற் சொன்ன விதிப்படி ஆக்கவேண்டும். ஆகவே விதிநூலை ஒருவகை இலக்கண நூலாகக் கொள்வது பொருந்தும். 'மனிதன் எவற்றால் ஆனவன்?' என்ற வினாவுக்கு அது அட்டவணை வடிவில் விடை தருகிறது. அவ்விடையைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டம் சுவையானதா என்பது வேறு விடயம். சுவையானதே, இல்லையேல் இதை எழுத நேர்ந்திராது.

பாத்திரத்தின் பண்புகளை எண்ணி வரிசைப்படுத்தும் முயற்சி தமிழுக்கும் உரியதே. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக வகுக்கிறது. பிறப்பும் குடிமையும் வரிசையின் தலையில் நிற்கின்றன. அகவை, உருவம், நிறை, அருள், உணர்வு, திரு முதலியன அவற்றின் பின்னே வருகின்றன. பிறந்த குடியையும் அக்குடிக்குரிய ஒழுக்கத்தையும் இரண்டாகப் பிரித்து எண்ணியிருப்பது மனங்கொள்ளத்தக்கது. அதனினும் கவனத்துக்குரியது அடுத்த நூற்பா. தலைமக்களிடத்து இருத்தலாகாதவை எவை எனப் பட்டியலிடும் அந்நூற்பாவிற் குடிமை மீண்டும் வருகிறது. ஆனால் இம்முறை அது குணமாகவன்று, குற்றமாக வருகிறது: தன் குடிப்பெருமையை நினைந்து இன்புறுதல் ஆகாது என்கிறது நூல். முதற் பட்டியல் குடியை ஓர் அளவாக ஏற்கிறது. அடுத்த பட்டியல் அவ்வளவை நினைந்து களிப்பதை விலக்குகிறது. இலக்கண ஆசிரியனுக்கே அவ்வளவையின் மீது முழு நம்பிக்கை இல்லை என இதனைக் கொள்ளலாமா? உரைகாரர் இவ்வளவு தூரம் செல்லவில்லை. நாமும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆயினும் குடியைக் கணக்கில் எழுதுவதற்கும், அக்கணக்கை நியாயமென்று கொள்வதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பதை இவ்விரு நூற்பாக்களும் அடுத்தடுத்து நின்று உணர்த்துகின்றன. மேலைநாட்டு விதிநூல்களுக்குள் நுழையுமுன் இவ்விடைவெளியை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பாத்திரமொன்றின் ஆற்றல் ஆறு வகைப்படும்: வலிமை, இலாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி. தொடக்கத்தில் ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, வந்த தொகையை எழுதிக்கொள்வதே விதியாக இருந்தது. மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றில் 18 வருவது ஒரேயொரு வகையில். 9 முதல் 12 வரையான எண்கள் வருவதோ 104 வகைகளில். அதாவது மாந்தரிற் பாதிப்பேர் நடுத்தரத்தில் நிற்பர், மேதையும் பேதையும் அரியர். இதில் ஒரு நேர்மை உண்டு. உழவன் மகனுக்கும் அரசன் மகனுக்கும் உருள்வது ஒரே பகடை. பிறப்பு என்பது தற்செயல் என்ற உண்மையை அந்தப் பழைய விதி தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறது.

இந்நேர்மை நீடிக்கவில்லை. பகடை தந்த எண்ணோடு பிறப்புத் தருவதையும் கூட்டவும் கழிக்கவும் வேண்டும் என்ற விதிகள் விரைவிலேயே பெருகின. 1978இல் வந்த 'மேம்பட்ட' பதிப்பின் ஆட்டக்காரர் கைநூல், மானிட ஆணின் வலிமை 18/100 வரை செல்லலாம் என்றும் மானிடப் பெண்ணின் வலிமை 18/50உடன் நின்றுவிடவேண்டும் என்றும் வரையறுத்தது. பறக்கும் நாகங்களை ஐயமின்றி ஏற்றுக்கொண்ட ஆசிரியர்களுக்கு வலிமை மிக்க பெண் மட்டும் நம்பமுடியாதவளாக இருந்தாள் போலும். 1989இன் இரண்டாம் பதிப்பில் இவ்வரையறை நீக்கப்பட்டது. இனம் பற்றிய விதிகளோ மேலும் நெடுங்காலம் வாழ்ந்தன. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், 'ஓர்க்' எனப்படும் முரட்டு இனத்தின் கலப்பிற் பிறந்தவனுக்கு வலிமையில் 2 கூடும், அறிவில் 2 குறையும், கவர்ச்சியில் 2 குறையும். ஒரு முழு மக்கட்கூட்டத்தின் மூளையின் மீது இடப்பட்ட கழித்தற் குறி அது. குடியேற்ற ஆட்சிக்காலத்து மானிடவியல் நூல்களைப் புரட்டியவருக்கு இக்கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. கண்டனங்கள் எழுந்தன. 2020இல் வெளியான துணைநூலொன்று இனத்துக்குரிய கூட்டல் எண்களை ஆட்டக்காரர் விரும்பிய ஆற்றலுக்கு மாற்றிக்கொள்ள இடமளித்தது. 2024இன் புதிய கைநூல் இன்னும் ஒருபடி சென்று, 'இனம்' என்ற சொல்லையே விலக்கி, ஆற்றற் கூட்டலை அதனிடமிருந்து முற்றாகப் பறித்தது.

பறித்ததை எங்கே வைத்தது என்பதுதான் கேள்வி. பின்புலத்தில் வைத்தது.

பின்புலம் என்பதை எமது விமர்சகர்கள் நெடுங்காலம் 'பகைப்புலம்' என்றே எழுதிவந்தனர். சங்க இலக்கியம் பயின்றோருக்குப் பகைப்புலம் என்றால் பகைவரின் நிலம். சமூகப் பின்னணியைக் குறிக்க இச்சொல்லைத் தேர்ந்தவர்கள் அப்பொருளை எண்ணித் தேர்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை; எனினும் பிறந்த இடமே பகைவர் நிலமாய் வாய்க்கப்பெற்றவர்களைப் பற்றிப் பேசும்போது அச்சொல் வேண்டுமென்றே இட்டதுபோல் ஒலிக்கிறது. இக்கட்டுரையின் தலைப்பில் அதனைக் கொண்டமைக்குக் காரணம் அதுவே.

2024ஆம் ஆண்டுக் கைநூல் பதினாறு பின்புலங்களைத் தருகிறது. உழவர், உயர்குடியினர், அறிஞர், எழுத்தர், வணிகர், கைவினைஞர், காவலர், போர்வீரர், கடலோடி, துறவி, குற்றவாளி எனப் பட்டியல் விரியும். ஒவ்வொரு பின்புலத்தோடும் மூன்று ஆற்றல்கள் பிணைக்கப்பட்டுள்ளன. கூட்டல் எண்ணை அம்மூன்றுக்குள்ளேயே பகிர்ந்துகொள்ள வேண்டும். உழவருக்கு உரியவை வலிமை, உடலுறுதி, விவேகம். உயர்குடியினருக்கு உரியவை வலிமை, அறிவு, கவர்ச்சி. பதினாறில் எட்டுப் பின்புலங்களுக்கு அறிவு உண்டு, எட்டுக்கு இல்லை. குற்றவாளிக்கு அறிவு உண்டு. காவலருக்கும் உண்டு. உழவருக்கும் கடலோடிக்கும் போர்வீரருக்கும் தெருவில் வளர்ந்த நாடோடிக்கும் இல்லை.

உழவருக்கு விவேகம் கொடுத்திருக்கிறார்களே எனலாம். இவ்விடத்திற் சற்றுத் தங்கி நோக்கவேண்டும். அறிவையும் விவேகத்தையும் பிரித்து, முன்னதைப் படித்தவனுக்கும் பின்னதை உழைப்பவனுக்கும் வழங்குவது விதிநூலாசிரியர்கள் கண்டுபிடித்ததன்று. எமது சிறுகதைகளிலும் வெள்ளந்தியான கிழவன் ஒருவன் படித்த மருமகனுக்குப் புத்திமதி கூறிவிட்டுத் தன் வயலுக்குத் திரும்புவான். கிழவன் மிகவும் புகழப்படுவான். ஆனால் நூலகத்தின் சாவியை அவனிடம் எவரும் கொடுக்கமாட்டார்கள். விவேகம் என்பது பல சமயங்களில் அறிவுக்குப் பதிலாக ஏழைக்கு வழங்கப்படும் மரியாதைச் சொல். ஆட்டத்தின் நடைமுறையும் இதற்குச் சான்று பகர்கிறது. நூல்களைக் கற்று மந்திரம் பயிலும் மந்திரவாதிக்கு வேண்டிய ஆற்றல் அறிவே. விவேகம் அங்கே உதவாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதிய பின்புலங்கள் யாவும் செல்வத்திற் சமமானவை. எவரும் தமக்குரிய பொருட்கட்டை விடுத்து 50 பொற்காசுகளைப் பெற்றுக்கொள்ளலாம். உழவரின் பொருட்கட்டில் அரிவாளும் இரும்புப் பானையும் மண்வெட்டியும் பிறவும் 30 பொற்காசும் இருக்கின்றன. உயர்குடியினரின் கட்டில் சிறந்த ஆடையும் வாசனைத் திரவியமும் ஆட்டக் கருவியொன்றும் 29 பொற்காசும் இருக்கின்றன. உழவனிடம் ஒரு காசு கூட! உலகில் எங்கே வேறுபாடு மலைபோல் நிற்கிறதோ அங்கே நூல் சமத்துவத்தை நிலைநாட்டிவிட்டது; எங்கே வேறுபாடு இல்லையென்று சொல்லவேண்டுமோ அங்கே, மூளைக்குள், வேறுபாட்டை எழுதிவிட்டது. ஆடுவோர் எவரும் வறுமையாற் பின்தங்கக்கூடாது என்பது ஆசிரியர்களின் எண்ணமாயிருக்கலாம், அது நல்லெண்ணமே. ஆனால் பணத்தை நீக்கிய பின்னும் 'உழவன்' என்ற சொல்லுக்கு ஒரு பொருள் வேண்டுமே. அப்பொருளை உடலில் வைத்தார்கள்.

இவ்விதியின் கூர்மை எனக்கு நூலைப் படித்தபோது புலப்படவில்லை, ஆடியபோதே புலப்பட்டது. விடுமுறை நாட்களில் எம்பிலிப்பிட்டியவில், சந்திரிகா வாவிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில் நாங்கள் ஐவர் கூடுவதுண்டு. எம்பிலிப்பிட்டிய தோட்ட நகரன்று. வளவை நீர்ப்பாசனத் திட்டத்தோடு காணி பெற்றுக் குடியேறியோரால் விரிந்த ஊர் அது; நெல்லும் வாழையும் விளையும் வெப்பமான சமவெளி. தமிழர் தொகை மிகச் சிறிது. வடக்கே கொடகவெலையைக் கடந்து இறக்குவானைப் பக்கம் ஏறினாற்றான் தேயிலையும் இறப்பரும் லயன்களும் தென்படும். எங்கள் மேசையில் மூவர் சிங்களவர், இருவர் தமிழர். நூல் ஆங்கிலத்தில், கதை சிங்களத்தில், வாக்குவாதம் இரு மொழியிலும். 'மச்சான்' என்ற விளி மட்டும் அனைவருக்கும் பொது. மற்றைய தமிழ் நண்பரின் தாயார் அம்மலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிப்பவர். நண்பர் ஒரு மந்திரவாதியை ஆக்க விரும்பினார். அவன் தம்மைப்போல் ஒரு தோட்டத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும் என்றும் விரும்பினார். பதினாறு பின்புலங்களையும் புரட்டினோம். நிலமுள்ள உழவர் உண்டு, நிலமில்லாக் கூலியாள் இல்லை. மிக அண்மியது உழவர் என்று முடிவாயிற்று. கூட்டல் எண்களை வாசித்தேன்: வலிமை, உடலுறுதி, விவேகம். நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்படின்னா தோட்டத்துப் புள்ளைக்கு ஒடம்பு மட்டுந்தானா மச்சான்?" நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு சிறிதுநேரம் எவரும் பகடையைத் தொடவில்லை.

அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மலையகத் தமிழரைப் போலத் தாளில் எழுதப்பட்ட பின்புலத்தால் ஆளப்பட்ட மக்கள் இந்நாட்டில் அரியர். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்லவேண்டுமாயின், அவன் கடன் இவ்வளவு, இதனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவான் என எழுதிய 'துண்டு' ஒன்றைக் காட்டவேண்டியிருந்த காலம் இருந்தது. அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிந்தது. மனிதனை ஒரேயோர் எண்ணாக எழுதிய தாள் அது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் வேறொரு பட்டியலை விரித்தது. இலங்கையிற் பிறந்தவனாயினும் அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். அப்பட்டியலால் நாடற்றோரானவர்களில் எஞ்சியோருக்கு 2003இன் சட்டமே வழி திறந்தது. நாளாந்தப் பேச்சிலும் இதன் எச்சம் இருக்கிறது. ஒரு நாள் வேலை நிறைவுற்றால் 'பேர்' விழும்; குறைந்தால் 'அரைப்பேர்'. ஒருவனின் பெயரே பின்னமாகக்கூடிய உலகத்திலிருந்து வந்தவருக்கு, பாத்திரத்தாளில் தம் வர்க்கத்துக்கு எதிரே அறிவுக்கான கட்டம் வெறுமையாய் இருப்பது வெறும் ஆட்டவிதியாகத் தோன்றாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எங்கள் மேசையிலேயே அது எழுந்தது. வேறுபாடு மிகச் சிறிது என்றார் கதை நடத்திய நண்பர். அவர் கணக்குச் சரியே. எவர் எப்பின்புலத்திலிருந்து வந்தாலும் தமக்குக் கிடைத்த மிகப்பெரிய எண்ணை அறிவில் இட்டுக்கொள்ளலாம். விதிநூல் தரும் நிலையான எண்வரிசையில் மிகப்பெரியது 15. உயர்குடிப் பிள்ளை அதனை 17 ஆக்குவான். உழவர் பிள்ளை 15இலேயே நிற்பான். 17க்குரிய கூட்டல் 3, 15க்குரியது 2. இருபது முகப் பகடையில் இது ஒரு முகம், நூற்றுக்கு ஐந்து. தடையென்று இதனைச் சொல்லமுடியாது. ஆனால் திறனாய்வு நோக்குவது விதியின் பருமனை மட்டுமன்று, அது கூறும் செய்தியையுமாம். ஓர் உவமை செய்யுளில் ஓர் அடியே வந்தாலும் அவ்வடியின் உலகநோக்கைக் கேள்வி கேட்கிறோம் அல்லவா? மேலும், அந்த ஒரு முகம் சிறிதென்று தோன்றுவது எப்போதும் அதனைப் பெற்றிருப்பவனுக்கே.

விதிநூலுக்கு நியாயமும் செய்யவேண்டும். அதே 2024இல் வந்த நடத்துநர் கைநூல், புதிய பின்புலங்களை ஆக்கிக்கொள்ளும் வழியைச் சொல்லித்தருகிறது. ஆகவே கதவு பூட்டப்படவில்லை. ஆனால் சாவி நடத்துநரின் கையில் இருக்கிறது, கேட்டுப் பெறவேண்டும். இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 2014ஆம் ஆண்டுப் பதிப்பிற் பின்புலம் ஆற்றலைத் தொடவில்லை. அது சில பயிற்சிகளைத் தந்தது. அதனோடு சமூகம் அம்மனிதனை எவ்வாறு நடத்தும் என்பதையும் சொன்னது. உயர்குடியினன் எங்கு சென்றாலும் அவனுக்கு அங்கிருக்க உரிமையுண்டு என்று பிறர் கருதுவர். நாட்டுப்புற வீரனை ஏழைமக்கள் தம் வீட்டில் ஒளித்துவைப்பர். வர்க்கம் என்பது பிறர் கண்ணிலும் திறக்கும் கதவிலும் மூடும் கதவிலும் இருப்பது என்ற தெளிவு அங்கே ஓரளவு இருந்தது. புதிய பதிப்பு இப்பகுதியை அகற்றிவிட்டு அவ்விடத்தில் ஆற்றல் எண்ணை வைத்தது. முன்னர் வாசலில் நின்ற வர்க்கம் இப்போது உடம்பினுட் புகுந்துவிட்டது. குருதியிலிருந்து விடுவித்தோம் என்று சொல்லிக்கொண்டு தொழிலுக்குள் அடைத்துவிட்டார்கள். தொழிலாற் குணத்தை வகுப்பதென்றால் என்னவென்று எமது நாடுகளில் விளக்கவேண்டுமா?

இவ்வகையில் 1977இல் மார்க் மில்லர் ஆக்கிய 'ட்ராவலர்' என்னும் விண்வெளி ஆட்டம் எவ்வளவோ முன்னேறியதாகப் படுகிறது. அதிலும் ஆற்றல்கள் ஆறு. ஆனால் பகுப்பு வேறு. வலிமை, இலாவகம், தாங்குதிறன் என்பன ஒருபுறம். அறிவு, கல்வி, சமூகநிலை என்பன மறுபுறம். அறிவு வேறு கல்வி வேறு என்று தனித்தனிக் கட்டமிட்ட இவ்வொரு செயலுக்காகவே அவ்வாசிரியரைப் பாராட்டவேண்டும். ஆறுக்கும் இரண்டு பகடைகளே உருளும். சமூகநிலை உயர்ந்து விழுந்தால் அறிவும் உயர்ந்து விழவேண்டும் என்ற கட்டாயமில்லை. உயர்நிலைப் பேதையும் கடைநிலை மேதையும் ஒரே பகடையின் பிள்ளைகள்.

அதனினும் சிறந்தது பின்புலத்தை அது கையாளும் முறை. பாத்திரம் பதினெட்டு வயதில் எழுந்து நிற்கிறது. ஏதேனுமொரு சேவையிற் சேர முயல்கிறது. மறுக்கப்பட்டால் கட்டாயச் சேவைக்கு ஆட்படுகிறது. நான்கு நான்கு ஆண்டுகளாகக் காலம் கழிகிறது. ஒவ்வொரு நான்காண்டிலும் உயிர்பிழைத்தற்கான பகடை உருளும். தவறினால், கதை தொடங்குமுன்பே பாத்திரம் இறந்துவிடும். வேவுப்படையிற் சேர்ந்தோருக்கு இரண்டு பகடையில் 7 வரவேண்டும். ஆகவே பலர் இறப்பர். பிழைத்தோர் சில திறன்களைக் கற்பர், சிலர் கல்வியையும் உயர்த்திக்கொள்வர். முப்பத்து நான்கு வயதிலிருந்து முதுமை தன் பங்கைக் கேட்கத் தொடங்கும். இங்கே பின்புலம் என்பது பிறப்போடு ஒட்டிவந்த கூலியன்று. அது ஒருவனுக்கு நேர்ந்தது. அதற்கு அவன் ஆண்டுகளை விலையாகக் கொடுத்திருக்கிறான். எழுதி முடித்த பாத்திரத்தாளை வாசித்தால் ஒரு சிறுகதையின் எலும்புக்கூடு தெரியும்.

இவ்வாட்டத்திலும் வர்க்கம் இல்லாமலில்லை. விண்கடற்படையில் அதிகாரி நியமனம் பெறுவதற்கான பகடையில், சமூகநிலை 9 அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு ஒன்று கூட்டப்படும். இதனைப் படித்தபோது, இதுவும் அதே அநீதிதானே என்று முதலில் எண்ணினேன். அன்று. இங்கே கூட்டல் எண் மூளைக்குத் தரப்படவில்லை. நியமனம் வழங்கும் வாசலிலே தரப்படுகிறது. அநீதி எங்கே நிகழ்கிறதோ அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே கதையில் அதனைச் சுட்டலாம், எதிர்க்கலாம், அவ்வாசலை உடைக்கலாம். உடம்பினுள் எழுதப்பட்டதை எவன் எதிர்ப்பது?

வாசலில் எழுதுவதற்கும் எண்ணில் எழுதுவதற்குமிடையே உள்ள இவ்வேறுபாட்டை இச்சஞ்சிகையின் வாசகர்கள் வேறோரிடத்தில் நன்கறிவர். 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிமூல அடிப்படையிற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், மாணவன் பரீட்சையிற் பெற்ற புள்ளியையே திருத்தியது. அது விளைத்த காயத்தின் கதை நீண்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்றைய முறையில் இசட் புள்ளி நான்கு தசம இடங்கள்வரை கணிக்கப்படுகிறது. விஞ்ஞான, வர்த்தகத் துறைகள் போன்றவற்றில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களின் மக்கட்தொகைக்கேற்பவும், 5 பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இரத்தினபுரி அப்பதினாறில் ஒன்று. இங்கே மாவட்டம் மாணவனின் புள்ளியைத் தொடுவதில்லை, வெட்டுப்புள்ளியை மட்டுமே அசைக்கிறது. பெறுபேற்றுச் சீட்டில் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் தனித்தனியே நிற்கின்றன. அந்த அளவில் இது ட்ராவலரின் இலக்கணத்தைச் சார்ந்தது. ஆனால் இப்பட்டியலும் பருமட்டானதே. இரத்தினபுரி நகரத்துப் பெரிய பாடசாலை மாணவனும், உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழிற் காணப் பேருந்தில் நெடுந்தூரம் செல்லவேண்டிய தோட்டத்து மாணவியும் அப்படிவத்தில் ஒரே மாவட்டத்தார். பதினாறு பின்புலங்களுட் கூலியாள் இல்லாததுபோல, பதினாறு மாவட்டங்களுட் லயன் அறை இல்லை. எண்ணிக்கை ஒத்துவந்தது தற்செயல், ஒப்புமை தற்செயலன்று.

இனி எம்பிலிப்பிட்டிய மேசைக்குத் திரும்புவோம். நடத்துநர் கைநூல் தந்த அனுமதியைக் கொண்டு, 'தோட்டத்துப் பிள்ளை' என்ற பதினேழாம் பின்புலத்தை நாங்களே எழுதத் துணிந்தோம். எவ்வாற்றல்கள் மூன்று என்பதில் வாக்குவாதம் மூண்டது. வலிமை என்றார் சிங்கள நண்பரொருவர். கொழுந்து பறித்தலைப் பார்த்திருக்கிறாயா, அது விரலின் வேலை, இலாவகம் என்று எழுது என்றார் தோட்டத்து நண்பர். ஏறுவதும் இறங்குவதும் மழையில் நிற்பதும் உடலுறுதி என ஒப்புக்கொண்டார். மூன்றாவதாக நான் அறிவை முன்மொழிந்தேன். அனைவரும் உடனே இசைந்தனர். கருவியாகக் கவ்வாத்துக் கத்தியையும் சேர்த்தோம். எழுதி முடித்துத் திருப்தியோடு நிமிர்ந்தபோது, நண்பருக்கு மட்டும் திருப்தியில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அறிவாளிகள் என்று எழுதுவதும், உழவர் எல்லாரும் பலசாலிகள் என்று எழுதுவதும் ஒரே வேலைதான் என்றார். நாங்கள் கழித்தற் குறியை அழித்துக் கூட்டற் குறியை இட்டிருந்தோம், கட்டத்தை அழிக்கவில்லை. அவர் சொன்னதற்கு என்னிடம் இன்றும் தகுந்த விடையில்லை. விடுபட்டதை எழுதிச் சேர்ப்பது தேவையான வேலை என்றே கருதுகிறேன். அவ்வாறு எழுதும்போது மீண்டும் ஓர் அச்சு வார்க்கப்பட்டுவிடுகிறது என்பதையும் மறுக்கமுடியவில்லை. முற்போக்கு இலக்கியம் தொழிலாளியை எழுதியபோதும் இதே இக்கட்டு இருந்தது. நல்லவனாகவே வந்து நல்லவனாகவே இறந்த எத்தனை தொழிலாளிகளை நாம் வாசித்திருக்கிறோம்!

இறுதியில் நண்பர் எமது பதினேழாம் பின்புலத்தையும் நூலின் பதினாறையும் ஒருங்கே ஒதுக்கினார். கூட்டல் எதுவும் வேண்டாம், பழைய விதிப்படி வரிசையாக மூன்று பகடைகளை ஆறுதரம் உருட்டுகிறேன் என்றார். அறிவுக்கு 11 வந்தது. அதற்குக் கூட்டலுமில்லை, கழித்தலுமில்லை. அந்த எண்ணோடு மந்திரவாதியை ஆடுவது மடமை என மூவரும் அறிவுறுத்தினர். பின்புலத்துக்குரிய கட்டத்தில் அவர் ஆற்றலையோ தொழிலையோ குறிக்காமல், பதினெட்டு வயதுவரை அப்பாத்திரத்துக்கு நேர்ந்தவற்றைத் தமிழில், சிறிய எழுத்தில், தாளின் பின்பக்கமும் நிரம்பும்வரை எழுதினார். கதை நடத்தும் நண்பருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே ஆட்டத்தினிடையே ஐயம் எழும்போதெல்லாம் அவர் என்னை அப்பக்கத்தை வாசித்துச் சொல்லச் சொல்வார். கேட்டுவிட்டு, சில வேளைகளிற் பகடை வேண்டாம் என்று கைகாட்டுவார், சில வேளைகளில் இன்னொரு தரம் உருட்டச் சொல்வார். அந்த மந்திரவாதி இதுவரை இருமுறை சாவை நெருங்கித் தப்பி ஐந்தாம் படிநிலையை அடைந்திருக்கிறான். அடுத்த விடுமுறைக்கு அவன் ஒரு நூலகத்தினுள் நுழைவதாகக் கதை நின்றிருக்கிறது.